மெதுவாக நகரும் விமானம் ஏன் இடிக்கிறது?

பயிற்சியில் புறப்பாட்டுக்கும் தரையிறக்கத்துக்கும் நாள்கணக்கில் நேரம் போகிறது. விமானத்தைத் தரையில் ஓட்டிச் செல்வதை, அதாவது டாக்ஸி செய்வதை மட்டும் முதல் நாளில் அரைமணி நேரம் பழக்கிவிட்டு, மிச்சம் போகப்போக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். இறக்கை நுனி விமானக் கொட்டகையான ஹேங்கரின் கதவில் இடிப்பதும், புரொப்பல்லர் முன்னால் நிற்கும் விமானத்தின் வாலைச் சீவி எடுப்பதும் அந்த அரைமணி நேரத்தில் சொல்லாமல் விட்ட விஷயங்களால்தான் நடக்கின்றன. இவற்றில் பல, விபத்துக் கணக்கிலேயே சேர்வதில்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான இக்காவோவின் 13ஆம் இணைப்பு 'விபத்து' என்பதற்கு ஒரு வரையறை தருகிறது. உயிருக்கோ உடலுக்கோ பெரிய கேடு இல்லாமல், சேதம் புரொப்பல்லர், இறக்கை நுனி, ஆன்டெனா, டயர், பிரேக் அளவில் நின்றுவிட்டால் அது அந்த வரையறைக்குள் வராது. கணக்கில் வராதது கவனத்திலும் வருவதில்லை.

வேகம் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று எண்ணுவதுதான் முதல் தவறு. செஸ்னா 172 என்ற சிறு பயிற்சி விமானத்தின் புரொப்பல்லர் விட்டம் ஏறத்தாழ 1.9 மீட்டர். எஞ்சின் 1000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1000 சுற்றில்) ஓடினாலே அந்தப் புரொப்பல்லரின் நுனி விநாடிக்குச் சுமார் 100 மீட்டர் வேகத்தில் சுழல்கிறது. விமானம் நடை வேகத்தில் ஊர்ந்தாலும், அதற்கு முன்னால் போகும் கத்தி இந்த வேகத்தில்தான் போகிறது. பக்கத்து விமானத்தின் இறக்கைக்குள் இருப்பது பெட்ரோல். அதன் கதவருகே நிற்பவர் புதிதாகப் பறக்க வந்தவராகக்கூட இருக்கலாம்.

ஆனால் ஆகாயத்தில் கிடைக்காத ஒரு வசதி தரையில் இருக்கிறது: நின்றுவிடலாம். இடைவெளி போதுமா என்று மனத்தில் கேள்வி எழுந்த அந்த நொடியே பிரேக் பிடிக்க வேண்டும். 'போய்விடும் போலத்தான் இருக்கிறது' என்று ஊர்ந்துகொண்டே யோசிப்பவர்தான் இடிக்கிறார். நின்ற பிறகு யோசித்தும் தெளிவு வராவிட்டால் எஞ்சினை அணைத்து, இறங்கி, நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். தேவையென்றால் கையால் தள்ள வேண்டும். இதற்கு ஆகும் நேரம் ஐந்து நிமிடம். கீழே சொல்லப்போவது எல்லாமே, இந்தக் கேள்வி எங்கெங்கே எழ வேண்டும் என்பதைப் பற்றித்தான்.

முதலில் திருப்பம். செஸ்னா 172இன் இறக்கை நுனிக்கு நுனி 11 மீட்டர். ஒரு பக்கம் பிரேக்கை அழுத்தி மிகக் குறுக்காகத் திருப்பினால், வெளிப்பக்க இறக்கை நுனி வரையும் வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 8.4 மீட்டர். அந்த நேரத்தில் வெளி நுனி, விமானத்தின் நடுப்பகுதியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் வீசிக்கொண்டு போகிறது. இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு மெதுவாகத் திரும்புவதாகத்தான் தோன்றும். நுனியில் நிற்கும் கம்பத்துக்கு அப்படி இருக்காது. வாலும் சும்மா இருப்பதில்லை. மூக்கு இடப்பக்கம் திரும்பும்போது வால் வலப்பக்கம் வீசும். முன்னால் இருக்கும் தடையைச் சுற்றிப் போய்விட்ட நிம்மதியில் திருப்பத்தை இறுக்கும்போதுதான், பின்னால் எலிவேட்டரின் (வாலில் கிடைமட்டமாக இருக்கும் அசையும் பலகையின்) நுனி பக்கத்து விமானத்தைத் தொடுகிறது. ஆகவே தடையைத் தாண்டும்வரை நேராகப் போய், வாலும் அதைத் தாண்டிய பிறகே திரும்புவது நல்லது.

இடப்பக்க இருக்கையிலிருந்து வலது நுனியைக் கணிப்பது எப்போதுமே கடினம். தூரத்தைக் கண் சற்றே தாராளமாகக் காட்டும். வலப்பக்கம் யாராவது உட்கார்ந்திருந்தால், அவர் பயணியாகவே இருந்தாலும், 'வலது நுனியை மட்டும் பாருங்கள், சந்தேகம் வந்தால் நில் என்று சத்தமாகச் சொல்லுங்கள்' என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். பயிற்றுநரும் மாணவரும் சேர்ந்து போகும்போது இதே வசதி கண்ணியாக மாறிவிடுகிறது. அவர் பார்த்துக்கொள்வார் என்று இருவருமே நினைத்துக்கொள்கிறார்கள். எந்த இறக்கை யார் பொறுப்பு என்பதை வாய்விட்டுப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

இறக்கை மேலே இருக்கும் விமானமும் கீழே இருக்கும் விமானமும் வேறுவேறு பொருள்களில் இடிக்கும். பைப்பர் வாரியர் போன்ற தாழ்ந்த இறக்கை விமானத்துக்கு எமன் இடுப்பளவு உயரப் பொருள்கள்: எரிபொருள் பம்பைச் சுற்றி நட்ட குட்டைத் தூண்கள், சக்கரம் வைத்த தீயணைப்பான், வேலிக்கம்பம், காரின் முகப்பு. செஸ்னாவின் இறக்கை இவற்றில் பலவற்றுக்கு மேலே சுலபமாகப் போய்விடும். அந்தப் பழக்கத்தில் விமானி, எரிபொருள் லாரியின் மேல்விளிம்பையும் ஹேங்கர் கதவின் ஓரத்தையும் மறந்துபோகிறார். இரண்டு வகையும் மாற்றி மாற்றி ஓட்டுபவர்கள் அன்றைக்கு எதில் இருக்கிறோம் என்பதை எஞ்சினைத் தொடங்கும் முன் ஒருமுறை தனக்குத்தானே சொல்லிக்கொள்வது வீண் வேலை அல்ல. வெயில் நேரத்தில் நிழல் ஓரளவு உதவும். தாழ்ந்த இறக்கையின் நிழல் ஏறக்குறைய நுனிக்கு நேர் கீழே விழும். உயர்ந்த இறக்கையிலும் சாய்ந்த வெயிலிலும் நிழல் தள்ளி விழுவதால் அதை நம்பக்கூடாது.

இடைவெளி எவ்வளவு வேண்டும்? இக்காவோவின் 14ஆம் இணைப்பில், 15 மீட்டருக்குக் குறைந்த இறக்கை அகலம் கொண்ட விமானங்களுக்கு, நிறுத்துமிடத்தில் வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி 3 மீட்டர். திட்டமிட்டுக் கோடு போட்ட ஏப்ரனுக்கே (விமானம் நிறுத்தும் தளத்துக்கே) அவ்வளவு. கோடே இல்லாத புல்தரையில் கண்ணால் கணிக்கும்போது அதற்குக் குறைவாக வைத்துக்கொள்ள நியாயமே இல்லை. 3 மீட்டருக்குக் கீழே என்றால் இறக்கை நுனியோடு ஒருவர் நடந்துவர வேண்டும். ஆள் இல்லையென்றால் எஞ்சினை அணைத்துத் தள்ள வேண்டும். மஞ்சள் கோட்டில் மூக்குச் சக்கரம் இருப்பதால் இறக்கையும் பத்திரம் என்று நினைப்பதும் தவறு. எல்லாரும் தத்தம் இடத்தில் ஒழுங்காக நிறுத்தியிருந்தால்தான் அந்தக் கோடு காப்பாற்றும். வாலை ஒரு மீட்டர் வெளியே நீட்டி யாராவது நிறுத்தியிருக்கலாம், நேற்று இல்லாத கார் இன்று நிற்கலாம். பழகிய தளத்தில்தான் இப்படிப்பட்ட மோதல் எளிதாக நடக்கிறது. கண் பார்ப்பதை விட்டுவிட்டு நினைவு ஓட்டத் தொடங்கிவிடுகிறது.

வேகத்துக்குப் பழைய அளவு ஒன்று உண்டு: விறுவிறுவென்று நடக்கும் ஆளின் வேகம். நெருக்கமான இடத்தில் அதிலும் பாதி. 10 நாட் என்றால் விநாடிக்கு 5 மீட்டர். ரேடியோ அலைவரிசையை மாற்றவோ டேப்லெட்டில் வரைபடத்தை நகர்த்தவோ நான்கு விநாடி தலையைக் குனிந்தால், 20 மீட்டர் பார்க்காமலே போயிருப்போம். அது ஏறத்தாழ இரண்டு இறக்கை அகலம். சக்கரம் உருளும்போது கண் வெளியே. உள்ளே ஏதாவது செய்ய வேண்டுமென்றால் சக்கரம் நிற்க வேண்டும். இதில் விதிவிலக்கே வேண்டாம். செக்லிஸ்ட் படிப்பதும் இதில் அடக்கம்.

வால்சக்கர விமானம் மூக்கைத் தூக்கி நிற்பதால், முன்னால் இருப்பது மூக்கின் பின்னால் முழுக்க மறைந்துவிடும். இடமும் வலமும் வளைந்து வளைந்து போய், ஒவ்வொரு வளைவிலும் பக்கக் கண்ணாடி வழியே முன்னால் பார்க்க வேண்டும். வளைந்து போக இடமில்லாத வரிசைக்குள் அப்படிப்பட்ட விமானத்தைத் தனியாக ஓட்டிக்கொண்டு போகவே கூடாது.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். விமானம் நகர்ந்து ஒரு மீட்டர் போவதற்குள் இரண்டு பக்கமும் அழுத்திப் பார்ப்பது எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. அதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நடந்து சோதிக்கும்போது சக்கரத்தின் உட்பக்கம் குனிந்து பார்க்க வேண்டும். காலிப்பருக்குக் கீழே தரையில் அல்லது டயரின் உள்சுவரில் சிவப்பாக எண்ணெய் ஈரம் தெரிந்தால், அது பிரேக் திரவம். ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தேய்ந்து கசிகிறது என்று பொருள். இன்று பெடல் கெட்டியாக இருந்தாலும், அது எப்போது அடிவரை போகும் என்று சொல்ல முடியாது. இருக்கையையும் பாருங்கள். குதிகால் தரையில் இருக்க, முன்பாதத்தால் பிரேக்கை முழு தூரமும் அழுத்த முடிகிறதா? உயரம் குறைந்தவர்களுக்கு முதுகுக்குப் பின்னால் மெத்தை கட்டாயம். இருக்கை தண்டவாளத்தில் பூட்டியிருக்கிறதா என்று முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். திடீரென்று பின்னால் நழுவினால் பெடல் எட்டாது. பிடிமானத்துக்குக் கை த்ராட்டிலையோ (எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி) யோக்கையோதான் (விமானி பிடிக்கும் கட்டுப்பாட்டுச் சக்கரம்) இழுக்கும்.

செஸ்னா 172இல் ரட்டர் பெடல் (வாலின் செங்குத்துச் சுக்கானான ரட்டரைத் திருப்பும் கால்மிதி) மூக்குச் சக்கரத்தை இரு பக்கமும் சுமார் 10 பாகை வரை திருப்பும். அதற்கு மேல் ஒருபக்கப் பிரேக்கால் சுமார் 30 பாகை வரை போகும். சிரஸ் எஸ்ஆர்20, டயமண்ட் டிஏ40 போன்றவற்றில் மூக்குச் சக்கரம் தன்னிஷ்டத்துக்குச் சுழலும். குறைந்த வேகத்தில் திருப்புவது முழுக்கப் பிரேக்கால்தான். இவற்றில் த்ராட்டிலை அதிகமாக வைத்துக்கொண்டு பிரேக்கைத் தேய்த்தபடியே நெடுந்தூரம் போனால் டிஸ்க் சூடேறி, கடைசியில் பிடி தளரும். அப்போது நிற்பதும் போகும், திரும்புவதும் போகும். முதலில் ஆர்பிஎம்மைக் குறைக்க வேண்டும். அதன் பிறகும் வேகம் அதிகமென்றால் நன்றாக ஒருமுறை பிடித்து, விட்டுவிட வேண்டும்.

பிரேக் போய்விட்டால்? வரிசை இதுதான்: த்ராட்டிலை முழுக்க மூடு, பெடலை விட்டுவிட்டு மறுபடி அழுத்து, பைப்பர் பிஏ-28 வகையில் பேனலுக்குக் கீழே இருக்கும் கைப்பிரேக்கை இழு, திறந்த புல்தரை பக்கம் திருப்பு. மோதல் நிச்சயம் என்று தெரிந்தால் எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் சாவியை அணைத்துவிடு. மிக்ஸ்ச்சர் பிடியை (பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கட்டுப்படுத்துவது) இழுத்தால் எஞ்சின் நிற்க சில விநாடி பிடிக்கும், சாவியை அணைத்தால் உடனே தளரும். சுழலாத புரொப்பல்லரோடு வேலியில் இடிப்பதும், சுழலும் புரொப்பல்லரோடு இன்னொரு விமானத்தில் இடிப்பதும் ஒன்றல்ல. இந்த வரிசையை எஞ்சின் அணைந்த விமானத்தில் உட்கார்ந்து கையால் தொட்டுத் தொட்டுப் பழகிக்கொள்ள வேண்டும்.

எஞ்சினைத் தொடங்கும் நேரம் தனி ஆபத்து. தொடங்கும் முன் எஞ்சினுக்குள் பெட்ரோல் செலுத்தும்போது முழுக்கத் திறந்த த்ராட்டில் அப்படியே இருந்தால், எஞ்சின் பிடித்த வேகத்தில் விமானம் பாயும். பிரேக்கில் கால் இல்லாமல் தொடங்கவே கூடாது. முன்னால் இன்னொரு விமானம் நிற்கும் இடத்தில் தொடங்குவதாக இருந்தால், பிரேக் பிடிக்காவிட்டால் எங்கே போகும் என்று முதலில் பார்க்க வேண்டும். பதில் பிடிக்கவில்லையென்றால் தள்ளித் திருப்பிவிட்டுத் தொடங்க வேண்டும். விமானத்தைக் கையால் இழுக்க மூக்குச் சக்கரத்தில் மாட்டிய இழுகம்பியை எடுக்க மறப்பதும் வழக்கமான தவறு. கம்பியிலிருந்து கை எடுத்தால் அது விமானத்தைவிட்டு வெளியே இருக்க வேண்டும் என்பதைப் பழக்கமாக்கிக்கொண்டால் போதும்.

பேட்டரி இறங்கிப்போய்ப் புரொப்பல்லரைக் கையால் சுழற்றித் தொடங்கும்போது, உள்ளே தெரிந்த ஆள் ஒருவர் பிரேக்கோடு உட்கார்ந்திருக்க வேண்டும், சக்கரங்களுக்குக் கட்டை வைத்திருக்க வேண்டும், வால் கட்டியிருக்க வேண்டும். மூன்றும் வேண்டும். ஆள் இல்லாத விமானம் எஞ்சின் பிடித்து, வட்டமடித்துக்கொண்டே வரிசையில் நிற்கும் விமானங்களுக்குள் புகுவது இந்த மூன்றில் ஒன்றை விட்டதால்தான்.

புறப்படும் முன் எஞ்சினைச் சோதிக்கும் ரன்-அப்பில் 1700 அல்லது 1800 ஆர்பிஎம் வைத்துவிட்டு, ஒவ்வொரு மேக்னெட்டோவாக அணைக்கும்போது ஆர்பிஎம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, பார்க்கிங் பிரேக் மெல்ல நழுவும். ஈரப் புல்லில் சக்கரம் பூட்டியிருந்தாலும் விமானம் சறுக்கும். பக்கவாட்டில் ஒரு கம்பத்தையோ மரத்தையோ குறித்துக்கொண்டு, ஒவ்வொரு அளவைப் பார்த்த பிறகும் அதை ஒருமுறை பார்க்க வேண்டும். பார்க்கிங் பிரேக் போட்டிருந்தாலும் கால் பெடலிலேயே இருக்கட்டும். நிற்கும் திசையும் முக்கியம். பின்னால் இலேசான விமானம் நின்றால் நம் புரொப்பல்லர் காற்று அதன் கதவையும் ரட்டரையும் அடிக்கும். ஹெலிகாப்டர் தரைக்கு மேல் மிதக்கும்போது அதன் ரோட்டர் விட்டத்தைப் போல மூன்று மடங்கு தூரத்துக்குள் போகக்கூடாது.

காற்று பலமாக இருந்தால் டாக்ஸியின்போதும் யோக் சும்மா இருக்கக்கூடாது. காற்று முன்பக்கத்திலிருந்து சாய்ந்து வந்தால் யோக்கைக் காற்று வரும் பக்கம் திருப்ப வேண்டும். பின்பக்கத்திலிருந்து சாய்ந்து வந்தால் காற்றுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி முன்னால் தள்ள வேண்டும். ஒரு இறக்கை இலேசாகத் தூக்கினாலே அந்தப் பக்கச் சக்கரத்தின் பிரேக் பிடிமானம் போய்விடும். அதன் பிறகு விமானம் போகும் திசை நம் கையில் இல்லை.

தரையில் யாருக்கு யார் வழிவிட வேண்டும் என்பது சுருக்கமானது. எதிரெதிரே வந்தால் இருவரும் நிற்க வேண்டும், இடமிருந்தால் வலப்பக்கம் விலக வேண்டும். குறுக்கே சந்தித்தால், தன் வலப்பக்கத்தில் மற்ற விமானத்தைக் காண்பவர் வழிவிட வேண்டும். முந்துபவர் நன்றாக விலகிப் போக வேண்டும். கையசைத்து வழிகாட்டுபவர் இருந்தாலும் மோதினால் பொறுப்பு விமானியுடையதுதான். அவர் நம் கண்ணில் படாமல் போனாலோ, அவர் சைகை புரியாவிட்டாலோ உடனே நிற்க வேண்டும். இரண்டு கைகளும் தலைக்கு மேல் குறுக்காகப் போனால், அது 'நில்'.

கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத தளத்தில் ரேடியோ உதவி மட்டுமே செய்யும். 1996 நவம்பர் 19 அன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் குயின்சி விமான நிலையத்தில், பீச் 1900 பயணிகள் விமானம் ஒன்று தரையிறங்கிக்கொண்டிருந்தது. குறுக்கே வெட்டும் இன்னொரு ரன்வேயில் கிங் ஏர் வகை விமானம் ஒன்று புறப்படக் காத்திருந்தது. நிற்பீர்களா, புறப்படுவீர்களா என்று பீச் விமானிகள் ரேடியோவில் கேட்டார்கள். பதில் சொன்னது கிங் ஏர் அல்ல. அதற்குப் பின்னால் வரிசையில் நின்ற பைப்பர் செரோக்கீ என்ற சிறு விமானம். நிற்பதாக வந்த அந்தப் பதிலைக் கிங் ஏருடையது என்று பீச் விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். கிங் ஏர் புறப்பட்டது. இரண்டும் ரன்வேக்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மோதின. இரு விமானங்களிலும் இருந்த 14 பேரும் இறந்தார்கள். பதில் காதில் விழுந்ததாலேயே பதில் சொன்னது யார் என்று தெரிந்துவிடாது. ஆகவே ரன்வேக்குள் நுழையும் முன் விமானத்தையே இறங்கும் பாதையை நோக்கிச் சாய்வாகத் திருப்பி நிறுத்தி, இறக்கை மறைக்காமல் வானத்தை இருபுறமும் பார்க்க வேண்டும். உயர்ந்த இறக்கை விமானத்தில் இது மிக அவசியம். நாம் பேசும்போது பதிவெண், இருக்கும் இடம், செய்யப்போவது மூன்றையும் சொல்ல வேண்டும்.

எஞ்சின் அணைந்த பிறகும் இடிபாடு முடிவதில்லை. ஹேங்கருக்குள் தள்ளும்போது இழுகம்பியில் ஒருவர், இரண்டு நுனிகளிலும் ஒவ்வொருவர். 'நில்' என்று யார் சொன்னாலும் எல்லாரும் நிற்க வேண்டும். 172இல் மூக்குச் சக்கரத்தை 30 பாகைக்கு மேல் திருப்பினால் திருப்பும் அமைப்பே முறியும். வாலின் உயரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூக்குக் காலில் அதிர்ச்சியைத் தாங்கும் ஸ்ட்ரட்டில் காற்று இறங்கியிருந்தால் மூக்கு தாழும், வால் உயரும். நேற்று கதவுக்குக் கீழே நுழைந்த வால் இன்று கதவுச் சட்டத்தில் இடிக்கும்.

இத்தனைக்கும் மேல் இடித்துவிட்டால், மிக்ஸ்ச்சர் பிடியை இழுத்து, எரிபொருளை மூடி, மேக்னெட்டோவையும் மாஸ்டர் சுவிட்சையும் அணைத்து, இறக்கைக்குப் பின்பக்கமாக இறங்கிப் போக வேண்டும். புரொப்பல்லர் பக்கம் யாரும் வரக்கூடாது. விமானத்தை நகர்த்தும் முன் சக்கரத் தடம், தொட்ட இடம், இரு விமானங்களும் நிற்கும் கோணம் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வருவதுதான் சோதனை: 'நுனி ஃபைபர் மூடிதான் விரிசல், டேப் ஒட்டினால் போதும்' என்று தோன்றும். நுனியில் விழுந்த அடி ஐந்தரை மீட்டர் நீள நெம்புகோலாக இறக்கையின் அடிக்குப் போயிருக்கும். மெக்கானிக் பார்க்க வேண்டியது அங்கேதான். பின் ஸ்பார் (இறக்கைக்குள் நீளவாக்கில் ஓடும் உத்தரம்) உடலோடு சேரும் போல்ட், இறக்கையைத் தாங்கும் சாய்கம்பியான ஸ்ட்ரட் பூட்டும் இடம், தோல் தகட்டில் அலைபோல நெளிவு, ரிவெட் தலையைச் சுற்றிக் கறுப்பாகத் தூள், இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகையான எய்லெரானின் கீல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கதவு முன்போல இலேசாக மூடவில்லையென்றால் அதுவும் அறிகுறி. புரொப்பல்லர் எதையாவது தொட்டு எஞ்சினின் ஆர்பிஎம் இறங்கியிருந்தால், பிளேடில் கீறலே இல்லையென்றாலும் அதைப் புரொப்பல்லர் மோதல் என்றே எஞ்சின் தயாரிப்பு நிறுவனமான லைகாமிங் கணக்கிடுகிறது. கிராங்க்‌ஷாஃப்ட் பின்முனையில் உள்ள பல்சக்கரமும் அதன் போல்ட்டும் பார்க்கப்படாமல் அந்த எஞ்சின் மீண்டும் பறக்கக்கூடாது. வெளியே எதுவும் தெரியாது, முறிவது பறக்கும்போதுதான்.

நாம் இடித்த விமானத்தின் உரிமையாளரை அன்றைக்கே தொலைபேசியில் பிடிக்க வேண்டும். கண்ணாடியில் ஒரு துண்டுச் சீட்டைச் சொருகிவிட்டுப் போவது போதாது; காற்றில் பறந்துவிடும், அவர் விடியற்காலையில் இருட்டில் வந்து புறப்பட்டுவிடுவார். ஆள் கிடைக்காவிட்டால் தளத்தின் பொறுப்பாளரிடம் சொல்லி, புரொப்பல்லரில் சிவப்புத் துணி கட்டி, அதிலேயே எழுதிவையுங்கள்: எந்த இடத்தில் அடி, எந்தத் திசையிலிருந்து, எப்போது, யாரைக் கூப்பிட வேண்டும். ரட்டரில் அடி என்றால் அதன் கீலையும், இருபுறமும் அது எதில் போய் நிற்குமோ அந்தத் தடுப்பையும் பார்க்கச் சொல்லி ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.